சாப்பாடு இறங்கவில்லை என்றால்...

நமது வீடுகளில் யாருக்கு எது பிடிக்கும், யாருக்கு எது ஒத்துவராது என்பதெல்லாம் சமைக்கிறவளுக்குத் தெரியும். அவருக்கு உறைப்பைக் குறைக்க வேண்டும், சின்னவனுக்கு மீனில் முள்ளெடுத்துக் கொடுக்க வேண்டும், மாமிக்குச் சோறு குழைய வேண்டும். ஆனால் சமைக்கிறவள் என்ன சாப்பிடுகிறாள், எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பார்ப்பதற்கு அங்கே ஒருவரும் இருப்பதில்லை. எல்லோரும் எழும்பிப் போன பிறகுதான் அவள் தன்னுடைய கோப்பையை எடுக்கிறாள்.

அரசாங்க வைத்தியசாலைகளில் முப்பது வருடங்களுக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பெரும்பகுதி சத்திர சிகிச்சை வார்ட்டுகளில் கழிந்தது. வடக்கிலும் இருந்தேன், மலைநாட்டிலும் இருந்தேன். சாப்பாடு விழுங்க முடியவில்லை என்று வந்து படுத்த பெண்களிடம் நான் கண்ட ஒரு பொது விடயம் உண்டு. வைத்தியரிடம் வருவதற்குப் பல மாதங்கள் முன்னதாகவே அவர்கள் தங்கள் சாப்பாட்டை மாற்றியிருப்பார்கள். அதை ஒரு வருத்தத்தின் அறிகுறி என்று அவர்களும் நினைத்திருக்க மாட்டார்கள், வீட்டாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

யாழ்ப்பாணப் பக்கத்துத் தாய் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வார்ட்டில் அனுமதிக்கும்போது விபரம் கேட்டு எழுத வேண்டும்.

"எப்பயிருந்து அம்மா சாப்பாடு இறங்குதில்லை?"

"ஒரு ரெண்டு கிழமை இருக்கும் மிஸ்ஸி."

உடம்பைப் பார்த்தால் இரண்டு கிழமை வருத்தமாகத் தெரியவில்லை. சட்டை தோளில் நிற்கவில்லை. ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்டேன்.

"கடைசியா எப்ப ரொட்டி சாப்பிட்டனீங்கள்?"

கொஞ்சம் யோசித்தார். "ரொட்டியோ... அது தைப்பொங்கலோட விட்டிட்டன். தொண்டை வறளுது எண்டு."

"புட்டு?"

"புட்டு வருசத்துக்குப் பிறகு இல்லை. இடியப்பம் எண்டால் சொதிக்குள்ள ஊறவிட்டுச் சாப்பிடுவன். இப்ப அதுவும் ஏலாது, கஞ்சிதான்."

அப்போது ஆவணி மாதம். 'இரண்டு கிழமை' என்று அவர் சொன்னது கஞ்சியும் இறங்காமல் போன நாட்களை. உண்மையில் வருத்தம் ஏழு மாத வருத்தம். இந்த வித்தியாசம் பெரியது. பக்கத்தில் நின்ற மகள் அழத் தொடங்கிவிட்டாள். "அம்மா விரதம் பிடிக்கிறா எண்டுதான் நாங்கள் நினைச்சம்" என்றாள். அந்தத் தாய்க்கு உணவுக்குழாயின் நடுப்பகுதியில் புற்றுநோய் என்று பரிசோதனையில் தெரிய வந்தது. அறுத்து அகற்றும் கட்டத்தை அது தாண்டிவிட்டிருந்தது. உள்ளே ஒரு சிறு குழாய் வைத்து, தண்ணீராகாரமாவது இறங்க வழி செய்து அனுப்பினார்கள்.

உணவுக்குழாயைப் பற்றி இரண்டொரு விடயங்கள் தெரிந்திருந்தால் இது ஏன் இப்படி ஆகிறது என்று விளங்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைக் 'களம்' என்று படித்திருப்போம். தொண்டையிலிருந்து இரைப்பை வரை சுமார் 25 சென்ரிமீற்றர் நீளமான தசைக் குழாய். சாதாரணமாக 2 சென்ரிமீற்றருக்கும் கூடுதலாக விரிந்து கொடுக்கும். அது ஏறக்குறைய 13 மில்லிமீற்றருக்கு ஒடுங்கும் வரை பெரும்பாலும் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அதற்குப் பிறகுதான் ரொட்டி, இறைச்சி, பாண் போன்றவை நிற்கத் தொடங்கும். இன்னும் ஒடுங்கினால் சோறு, அதற்கும் பிறகு கஞ்சி, கடைசியில் தண்ணீர். எனவே ரொட்டி முதன்முதலாகச் சிக்கும் நாள் வருத்தம் தொடங்கிய நாள் அல்ல. அது உள்ளே கனகாலமாக வளர்ந்திருக்கும். "பாப்பம், இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று இருப்பதற்கு அங்கே மிச்ச நாள் இல்லை.

இன்னுமொன்று. எந்த இடத்தில் சாப்பாடு நிற்கிறது என்று நோயாளி விரலால் காட்டும் இடம் எப்போதும் சரியாக இருக்காது. நெஞ்சின் அடியில் அடைப்பு இருக்கும், அவருக்குக் கழுத்தில் நிற்பது போலத் தெரியும். ஆகவே "தொண்டையிலதானே, தொண்டை நோவுக்கு மருந்து எடுத்தால் சரி" என்று முடிவெடுக்க வேண்டாம்.

விழுங்கும்போது வலி வேறு, விழுங்குவதில் சிரமம் வேறு. வலியென்றால் பெரும்பாலும் தடிமன், தொண்டை அழற்சி, வாய்ப்புண் இவைதான். உப்புத் தண்ணீரில் கொப்பளித்து, இளஞ்சூடாக ஏதாவது குடித்து, தேவையென்றால் பனடோல் போட்டு நாலைந்து நாளில் மாறிவிடும். ஒரு கிழமை தாண்டியும் மாறாவிட்டால் காட்ட வேண்டும். காய்ச்சலோடு தொண்டை நோ இருக்கும்போது பனடோலைத் தவிர, அஸ்பிரின், புரூபன் போன்ற வலி மாத்திரைகளைப் போட வேண்டாம். நமது நாட்டில் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம். அந்த மாத்திரைகள் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும். பிள்ளைகளுக்கு இருமல், மூக்கொழுகல் இல்லாமல் காய்ச்சலும் தொண்டை நோவும் கழுத்தில் நெறியும் இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். நுண்ணுயிர்க் கொல்லி தந்தால் சொன்ன நாள் வரை முழுவதையும் கொடுங்கள். அரைவாசியில் நிறுத்தினால் பின்னால் வாதக் காய்ச்சல் வந்து இருதயத்தைத் தாக்கும் ஆபத்து இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் கடுமையாக வலித்து, வாயைத் திறக்க முடியாமல், எச்சிலும் விழுங்க முடியாமல், குரலும் மாறினால் அது தொண்டையில் சீழ்க்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே போக வேண்டும்.

வலிக்கு வேறொரு காரணமும் உண்டு. இதை வார்ட்டில் அடிக்கடி காண்போம், வெளியே யாரும் பேசுவதில்லை: மாத்திரை. இரவு படுக்கப் போகும்போது ஒரு மிடறு தண்ணீரோடு மாத்திரையைப் போட்டுவிட்டு உடனே சாய்வது நம்மில் பலருக்குப் பழக்கம். மாத்திரை பாதி வழியில் ஒட்டிக்கொண்டு அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். மறுநாள் எழும்பினால் தண்ணீர் குடித்தாலும் நெஞ்சுக்குள் கத்தியால் கீறுவது போல இருக்கும். வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின், கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரை, எலும்புத் தேய்வுக்கு மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எழுதும் அலென்ட்ரோனேற் ஆகியவை இப்படிச் செய்யக்கூடியவை. முதல் இரண்டையும் இருந்தபடி ஒரு பெரிய கிளாஸ் தண்ணீரோடு எடுத்து, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருங்கள். அலென்ட்ரோனேற் கட்டாயம் காலையில் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு. தேத்தண்ணீரோடோ பாலோடோ அல்ல. அதன் பிறகும் அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது, வேறொன்றும் சாப்பிடவும் கூடாது. ஏற்கெனவே விழுங்குவதில் சிரமம் உள்ளவர் அந்த மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் வைத்தியரிடம் அதைச் சொல்லியாக வேண்டும்.

முட்டுக்கு இழுவை மருந்து பாவிப்பவர்களுக்கும், நீரிழிவு கட்டுப்படாதவர்களுக்கும் வாயிலும் தொண்டையிலும் வெள்ளைப் படை படர்ந்து விழுங்க நோகும். இழுத்த பிறகு ஒவ்வொரு முறையும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பகுதி வராது.

மீன் முள் கதை எல்லா வீட்டிலும் உண்டு. முள் சிக்கியதும் சோற்று உருண்டையை மெல்லாமல் விழுங்கு, வாழைப்பழத்தை விழுங்கு என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். சில வேளை சரிவரும். சரிவராதபோது அந்த உருண்டை முள்ளை இன்னும் ஆழமாகக் குத்தவைத்துவிடும். விரலை விட்டுத் தோண்டவும் வேண்டாம். குத்துவது நிற்காவிட்டால் அன்றைக்கே காது மூக்குத் தொண்டைப் பிரிவு உள்ள வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளைகள் விழுங்கும் பொருட்களில் மிகப் பொல்லாதது விளையாட்டுச் சாமான், ரிமோட், தராசு ஆகியவற்றில் இருக்கும் வட்டமான பொத்தான் பற்றறி. அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே எரித்துப் புண்ணாக்கத் தொடங்கும். பிள்ளை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் ஓட வேண்டும்.

வயதானவருக்குத் திடீரென்று விழுங்க முடியாமல் போய், வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சுக் குளறினால் அது பாரிசவாதம். மயக்கம் என்று நினைத்துச் சோடாவோ கோப்பியோ பருக்க வேண்டாம். அது சுவாசப்பைக்குள் போய்விடும். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம். பாரிசவாதம் வந்து வீடு திரும்பியவர் தண்ணீர் குடிக்கும்போது இருமினால், குடித்த பின் குரல் ஈரமாகக் கரகரத்தால், அடிக்கடி சளிக் காய்ச்சல் வந்தால், அவருக்கு விழுங்கல் சரியில்லை. வைத்தியசாலையில் பேச்சுச் சிகிச்சையாளர் இருப்பார். பேச்சுக்கு மட்டும்தான் அவர் என்று பலர் நினைக்கிறார்கள். எப்படி இருத்தி, எந்தப் பதத்தில் ஊட்ட வேண்டும் என்று சொல்லித் தருவதும் அவர்தான்.

இனிச் சிரமம் என்ற விடயத்துக்கு வருவோம். என் மனதில் இதுதான் முக்கியம்.

முதலில் ஒரு ஆறுதல். சிலருக்குத் தொண்டையில் ஏதோ ஒரு உருண்டை இருப்பது போல எந்நேரமும் தோன்றும். எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்ப்பார்கள், போகாது. ஆனால் சாப்பிடும்போது தெரியாது; சோறும் கறியும் நன்றாக இறங்கும். நிறையும் குறையாது. இது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. நெஞ்செரிவும் மனக்கவலையும் இதைக் கூட்டும். ஒரு முறை வைத்தியரிடம் காட்டித் தெளிந்துகொண்டால் போதும். இதற்கு நேர் எதிரானதுதான் கவனிக்க வேண்டியது: சாப்பிடாதபோது ஒன்றுமில்லை, சாப்பிடும்போது நிற்கிறது.

அப்படி நிற்கும்போதும், பாண், ரொட்டி, இறைச்சி நிற்கிறது, தண்ணீர் இறங்குகிறது என்றால் குழாய் எங்கோ ஒடுங்கியிருக்கிறது. திண்மமும் தண்ணீரும் ஆரம்பத்திலிருந்தே ஒரே மாதிரிச் சிரமம் என்றால் குழாயின் தசை சரியாக வேலை செய்யவில்லை. இரண்டையும் காட்ட வேண்டும். முதலாவதை உடனடியாகக் காட்ட வேண்டும். இலங்கையில் பெண்களுக்கு வரும் முதல் பத்துப் புற்றுநோய்களில் உணவுக்குழாய்ப் புற்றுநோயும் ஒன்று. மார்பகத்தைப் பற்றியும் கருப்பைக் கழுத்தைப் பற்றியும் இப்போது நாம் பேசப் பழகிவிட்டோம். இதைப் பற்றி இன்னும் பேசுவதில்லை.

வெற்றிலை போடும் நம் தாய்மார் "நான் போயிலை சேர்க்கிறதில்லை" என்று சமாதானம் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 ஆம் ஆண்டிலேயே புகையிலை இல்லாத வெற்றிலை பாக்கையும் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது. பாக்குத்தான் அங்கே குற்றவாளி. 65 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்கள் குடிப்பதும் உணவுக்குழாய்க்குக் கூடாதென்று அதே முகவரகம் 2016 இல் சொன்னது. அடுப்பிலிருந்து இறக்கிய தேத்தண்ணீரை அப்படியே வாய்க்குக் கொண்டுபோகாமல் கொஞ்சம் ஆறவிடுங்கள்.

பெண்களுக்கே உரிய இன்னொரு காரணம் குருதிச்சோகை. இதைச் சொன்னால் பலர் வியப்படைகிறார்கள். மலைநாட்டில் நான் வேலை செய்தபோது கொழுந்து பறிக்கும் ஒரு சகோதரி வந்தார். நாற்பது வயது.

"பாண் தொண்டையிலயே நிக்குது மிஸ்ஸி. தேத்தண்ணி ஊத்துனாதான் எறங்குது. ஒரு மாசமா இப்பிடித்தான்."

வாயின் இரு ஓரமும் வெடித்திருந்தது. நாக்கு வழுவழுவென்று இருந்தது. நகங்கள் கரண்டி போலக் குழிந்திருந்தன. வருடக்கணக்காக மாதவிடாய் அதிகமாகப் போயும் அதைப் பற்றி யாரிடமும் சொல்லாதவர். இரும்புச்சத்துக் கடுமையாகக் குறைந்தால் உணவுக்குழாயின் மேல் வாசலில் மெல்லிய தோல் போன்ற ஒரு திரை வளரும். இதற்குப் பிளம்மர் வின்சன் நோய் என்று பெயர். நடுவயதுப் பெண்களுக்கே கூடுதலாக வரும். கமரா குழாய் மூலம் அந்தத் திரையை விரித்துவிட்டு, இரும்புச்சத்துக் கொடுத்து, மாதவிடாய்க்கும் வைத்தியம் செய்தார்கள். அவர் வார்ட்டிலேயே பாண் சாப்பிட்டுக் காட்டிவிட்டுத்தான் போனார். கவனிக்காமல் விட்டால் இந்த நோயுள்ளவர்களுக்குப் பின்னாளில் அதே இடத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்புக் கூட, ஆகவே தொடர்ந்து கிளினிக் வரச் சொன்னார்கள். ஒரு மாதத்தில் வந்தவர் அவர். ஏழு மாதத்தில் வந்தவரைப் பற்றி மேலே சொன்னேன். நோய்கள் இரண்டும் வேறு என்பது சரிதான். ஆனால் எது எந்த நோய் என்பதை வீட்டில் இருந்துகொண்டு பிரிக்க முடியாது.

கழுத்தில் கழலை உள்ளவர்களுக்கு அது குழாயை நெரித்தாலும் சிரமம் வரும். வருடக்கணக்கில் நெஞ்செரிவு இருந்து குழாய் தழும்பேறி ஒடுங்குவதும் உண்டு. நெஞ்செரிவுக்குப் பாமசியில் தாங்களாகவே ஒமெப்ரசோல் வாங்கி மாதக்கணக்கில் போடுகிறவர்கள் கவனம்: மருந்து எரிவை அடக்கிவிடும், ஒடுக்கத்தை அடக்காது.

நிறை குறைவதையும் சும்மா விட வேண்டாம். 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எல்லோரும் மெலிந்துதான் போனார்கள், ஆகவே ஒருத்தி மெலிந்தால் அது யாருக்கும் விசேடமாகத் தெரிவதில்லை. "சாமான் விலைக்கு யாரு கொழுப்பா?" என்று சிரித்துவிட்டுப் போகிறோம். ஆனால் சாப்பாடு நிற்பதோடு நிறையும் குறைந்தால், அல்லது குரல் மூன்று கிழமைக்கு மேல் கரகரத்தால், கழுத்தில் கட்டி தென்பட்டால், வாயில் புண் மூன்று கிழமையாகியும் ஆறாவிட்டால் நாள் பார்க்காமல் போங்கள். சாப்பிட்டது அடைத்துத் தண்ணீரும் எச்சிலும்கூட இறங்காவிட்டால், இரத்தமாக வாந்தி எடுத்தால், மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் அந்த மணித்தியாலமே போக வேண்டும். நெஞ்சு அடைப்போடு வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ போனால் அது சாப்பாடாக இல்லாமல் இருதயமாக இருக்கலாம்.

எங்கே போவது? பக்கத்து அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு போதும். ஆனால் அங்கே உங்களுக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். "தொண்டை நோகுது டொக்டர்" என்று மட்டும் சொன்னால் தொண்டைக்கு மாத்திரை கிடைக்கும், வீட்டுக்கு வருவீர்கள். இப்படி இரண்டு மூன்று முறை மாத்திரையோடு திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு எங்கள் வார்ட்டுக்கு வந்தவர்களை எனக்குத் தெரியும். ஆகவே போவதற்கு முன் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதுங்கள்: எந்த மாதத்திலிருந்து எந்தச் சாப்பாட்டை விட்டேன், முந்தி இருந்த நிறை என்ன, இப்போது என்ன, என்ன மாத்திரை போடுகிறேன், வெற்றிலை போடுவேனா. "சாப்பாடு நெஞ்சில நிக்குது, இவ்வளவு காலமா" என்ற வசனத்தை முதலாவதாகச் சொல்லுங்கள். மருந்து தந்து அனுப்பினால், "கமரா விட்டுப் பார்க்க வேண்டியதில்லையா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எண்டோஸ்கோப்பி என்ற அந்தப் பரிசோதனைக்குப் பயந்தே கனபேர் வருவதில்லை. முதல் நாள் இரவுக்குப் பிறகு சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். நீரிழிவு மருந்தும் இரத்தம் உறையாமல் எடுக்கும் மருந்தும் போடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். தொண்டையை மரக்கச் செய்ய ஒரு கைப்பான மருந்தை விசிறுவார்கள். இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும். குழாய் உள்ளே போகும்போது ஓங்காளிக்கும், கண்ணீர் வரும், வலி இராது. மூச்சு வழி வேறு, ஆகவே மூச்சு அடைக்காது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். சந்தேகமான இடம் இருந்தால் நெல்மணியிலும் சிறிய துண்டொன்றைக் கிள்ளி எடுப்பார்கள். கிள்ளினால் புற்றுநோய் பரவிவிடும் என்று ஊரில் ஒரு கதை இருக்கிறது. பரவாது. துண்டைப் பரிசோதிக்காமல் எந்த வைத்தியமும் தொடங்க முடியாது.

அரச வைத்தியசாலைகளில் இதற்குக் கட்டணம் இல்லை. புற்றுநோய் என்று முடிவு வந்தாலும் மகரகமவுக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை இன்று இல்லை. வடக்கில் இருப்பவர்களுக்கு 2013 முதல் தெல்லிப்பளையில் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. கண்டி, மட்டக்களப்பு, பதுளை, அனுராதபுரம், காலி கராப்பிட்டிய ஆகிய இடங்களிலும் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு.

பரிசோதனைக்குப் போகும் நாளில் துணைக்கு ஒருவரைக் கட்டாயம் கூட்டிச் செல்லுங்கள். தொண்டை மரத்தது தெளிய ஒரு மணித்தியாலமளவு செல்லும், அதுவரை தண்ணீரும் குடிக்கக் கூடாது. மயக்க ஊசி போட்டிருந்தால் அன்று முழுவதும் தலை சுற்றும், நெருப்போடும் கத்தியோடும் நிற்கக் கூடாது. அன்றைய சமையலை வீட்டில் வேறு யாராவது பார்க்கட்டும்.